முதலில் ஒட்டிய பெயர்

"வேண்டாம் அத்தை" என்ற இரண்டு வார்த்தைகள் போன வாரம் சாப்பாட்டு மேஜையில் விழுந்தன. அவற்றை இன்னும் யாரும் எடுத்து வைக்கவில்லை. தட்டுகளை நகர்த்தினார்கள், மேஜையைத் துடைத்தார்கள், அந்த இரண்டு வார்த்தைகளை மட்டும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மருமகளுக்கு ஒரு கண் மருத்துவமனையிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்தது. கண் பரிசோதிக்கும் வேலை. அவள் படித்தது அதுதான், கல்யாணமான புதிதில் பார்த்ததும் அதுதான். தன் அம்மா படுக்கையில் விழுந்தபோது வேலையை விட்டாள். அம்மா எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் வேலை மட்டும் திரும்பி வரவில்லை. இடையில் விட்ட காலத்தைப் பார்த்தே இரண்டு மூன்று இடங்களில் கதவைச் சாத்திவிட்டார்கள். இந்த முறை தேர்வு செய்யப்போகிறவள் மாமியாரின் பழைய தோழி.

அதனால்தான் மாமியார் ஆசையாகச் சொன்னாள், "நான் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்."

"வேண்டாம் அத்தை" என்று சொல்லிவிட்டு மருமகள் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

தேர்வு நாளைக்கு.

மாமியாருக்கு ஊரெல்லாம் ஒரே பெயர், ஊசியக்கா. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் ரத்தம் எடுக்கும் அறைக்கு அவள்தான் பொறுப்பு. யாருக்கும் வலிக்காமல் ஊசி போடுவாள். வலிக்காமல் பேசுவது வேறு வித்தை. அது அன்றன்றைக்கு மாறும்.

அன்று காலை மருமகள் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். தோல் அறுபடாமல் நீளமாகச் சுருண்டு இறங்கியது. ஊசியக்காவின் மகன் திருப்புளியைத் தேடி வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தான். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். வீட்டில் அவனுக்கு வானொலி என்று பெயர். காதில் ஒன்று விழுந்தால் போதும், ஒலிபரப்பாகிவிடும். அவனுடைய அப்பா லாரியோடு போயிருந்தார். அவர் இருந்தால் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைப்பார்.

"அம்மா, உன் ஃப்ரெண்டுகிட்ட பேசிட்டியா? நாளைக்கு இன்டர்வியூ" என்றான், அடுத்த தெருவுக்கும் சேர்த்து.

"அவங்கதான் வேண்டாம்னுட்டாங்களே" என்றாள் ஊசியக்கா. மருமகளுக்கு அவள் மரியாதை கொடுத்துப் பேசினால் கோபம் என்று அர்த்தம்.

மருமகள் தலை நிமிரவில்லை. மதியச் சாப்பாட்டு டப்பாவை மூடி நகர்த்தி வைத்தாள். "உப்பு கம்மியாப் போட்டிருக்கேன் அத்தை. டாக்டர் சொன்னாங்கல்ல."

இது கரிசனமா, குத்தலா? ஊசியக்கா ஒரு நொடி யோசித்தாள். குத்தல்தான் என்று முடிவு செய்தாள். அப்படி முடிவு செய்வது அவளுக்குச் சுலபம். சம்பந்தம் பேசி முடித்த அன்றே நாத்தனார் காதோடு சொல்லியிருந்தாள், "பொண்ணு தங்கம். ஆனா அழுத்தக்காரி. மனசுல இருக்கிறது லேசுல வெளிய வராது. பார்த்து நடந்துக்கோ." மூன்று வருஷமாக ஊசியக்கா பார்த்துத்தான் நடந்துகொண்டிருக்கிறாள்.

அன்று ஊசியக்காவுக்கும் ஒரு தேர்வு இருந்தது. ரத்தம் எடுக்கும் அறைக்கு ஒரு ஆள் வேண்டும். மேனேஜர், லேப் டாக்டரம்மா இவர்களோடு அவளும் முதல்முறையாகத் தேர்வுக் குழுவில் உட்காரப் போகிறாள். எழுதி வாங்கிய விண்ணப்பங்கள் ஐந்து. ஐந்து பேரில் முதல் மூவர் மதியத்துக்குள் முடிந்துவிட்டார்கள். ஒருவருக்கு ஊசியைப் பார்த்தாலே கை நடுங்கியது. ஒருவருக்குச் சம்பளம் ஒத்துவரவில்லை. இன்னொருவர் நிலையம் மாறி வந்திருந்தார். அவருக்கு எக்ஸ்ரே எடுக்கத்தான் தெரியும்.

அந்த நிலையத்தில் யார் உள்ளே நுழைந்தாலும் டோக்கன்தான். நோயாளிக்கு டோக்கன், மருந்துக் கம்பெனிக்காரருக்கு டோக்கன். மேனேஜரே வேலைக்குச் சேர்ந்த அன்று டோக்கன் வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார் என்று ஒரு கதை உண்டு. தேர்வுக்கு வந்தவர்களுக்கும் டோக்கன் கொடுத்து, அந்த எண்ணை அவரவர் விண்ணப்பத்தின் மூலையில் குறித்திருந்தார்கள்.

டோக்கனை நம்பாதே என்பதுதான் ஊசியக்காவின் அறையில் சட்டம். சுவரில் அவளே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிய இரண்டு வரிகள் இருந்தன. 'பெயரை அவர்கள் வாயால் சொல்லச் சொல். ரத்தம் எடுத்த பிறகே டியூபில் பெயரை ஒட்டு.' நீங்கள்தானே இன்னார் என்று கேட்டால், காய்ச்சலில் கிடப்பவர் எதற்கும் ஆமாம் என்பார். முன்கூட்டியே ஒட்டிய டியூப் என்றால், எவர் கையை நீட்டினாலும் அந்தப் பெயர் அவருடையதாகிவிடும். வீட்டில் சாப்பாடு போடும்போதும் அக்கா தன் மகனைப் பெயர் கேட்டுவிட்டுத்தான் போடுவாள் என்று அறையில் கிண்டல் செய்வார்கள்.

மதியம் டப்பாவைக் கழுவப் போனபோது வராந்தாவில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்தாள். ஒருத்தி நீலச் சட்டை போட்டிருந்தாள். கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்னொருத்தி மடியில் நீளமான குடை வைத்திருந்தாள்.

ஊசியக்காவுக்கு நீலச் சட்டையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஏதோ அவசரம். காரணம் கேட்கவில்லை. அவள் யாரிடமும் கேட்பதில்லை, கேட்டால் அவர்கள் நாலு பேர் முன்னால் சொல்லியாக வேண்டும். வெறும் வயிற்றோடு வந்து மயங்கப் போகிற சர்க்கரைக்காரர்களுக்குத் தினமும் செய்வதைத்தான் செய்தாள். "ரெண்டு பேரும் டோக்கனை மாத்திக்கோங்கம்மா. இவங்க முன்னாடி போகட்டும்" என்றாள்.

"சரி" என்று குடைக்காரி உடனே டோக்கனை நீட்டினாள்.

ஊசியக்கா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளைப் பொறுத்தவரை அது கதவைச் சாத்துவது போல ஒரு வேலை. செய்தோம் என்ற நினைவு கூடத் தங்காது.

உள்ளே மேனேஜர் அப்போதுதான் தொலைபேசியை வைத்திருந்தார். மீதி இரண்டு பேரும் முன்பு வேலை பார்த்த இடங்களில் விசாரித்துவிட்டாராம். "நாலாம் நம்பர் கைவேலை சுத்தம். ஆனா வெடுக்குனு பேசுவாங்களாம். முகத்துல அடிச்ச மாதிரி. அஞ்சாம் நம்பர் தேனாம். அங்கிருந்து போனப்ப நோயாளிங்க அழுதாங்களாம்."

"தேனு, பார்க்கலாம்" என்றார் டாக்டரம்மா.

நாலாம் நம்பர் என்று கூப்பிட்டார்கள். நீலச் சட்டை வந்தாள்.

"நீங்கதானே நாலாம் நம்பர்?"

"ஆமா சார்."

மேனேஜர் பண்புள்ளவர். பழைய இடத்தைப் பற்றிக் கேட்டால் அந்தப் பெண்ணுக்குச் சங்கடமாக இருக்கும் என்று அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வேலையைப் பற்றி மட்டும் கேட்டார். குழந்தை கையை இழுத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

"விட்டுருவேன்" என்றாள் நீலச் சட்டை. யாராவது தலையசைப்பார்கள் என்று பார்த்தாள். ஒருவரும் அசைக்கவில்லை. அவள் மேற்கொண்டு சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள். கண் கடிகாரத்துக்குப் போய்வந்தது.

ஊசியக்காவுக்குச் சுருக்கென்றது. விட்டுவிடுவாளாம். குழந்தைதானே என்ற அலட்சியம். இதில் கடிகாரம் வேறு பார்க்கிறாள், நாம் என்னவோ இவள் நேரத்தை வாங்குவது போல. பழக்கத்துக்கு வைத்திருந்த ரப்பர் கையில் அவள் கச்சிதமாகத்தான் ஊசியை இறக்கினாள். "கை சுத்தம்னுதான் சொன்னாங்களே" என்று மேனேஜர் முணுமுணுத்தார். ஊசியக்கா தலையாட்டினாள்.

அடுத்து ஐந்தாம் நம்பர். குடைக்காரி உள்ளே வரும்போதே மூவருடைய முகங்களும் மலர்ந்திருந்தன. டாக்டரம்மா தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அதே கேள்வி வந்தது. குழந்தை கையை இழுத்துக்கொண்டால்?

"விட்டுருவேன்" என்றாள் குடைக்காரி.

மூன்று பேரும் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்கள். காத்திருந்ததால் அவள் தொடர்ந்தாள். "அது அழுது முடிக்கட்டும். அப்புறம் எடுப்பேன்."

எவ்வளவு பொறுமை என்று ஊசியக்கா நினைத்தாள். வளவளவென்று பேசாத பெண். அடக்கம்.

குடைக்காரியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார்கள். பேச அதிகம் இருக்கவில்லை. மேனேஜர் விண்ணப்பத்தை ஊசியக்காவிடம் கொடுத்து, நீங்களே போய் நல்ல செய்தியைச் சொல்லுங்கள் என்றார்.

வராந்தாவில் குடைக்காரி மட்டும் இருந்தாள். நீலச் சட்டை ஓடிப் போயிருந்தாள். ஊசியக்கா விண்ணப்பத்தோடு எதிரில் நின்றாள். எதிரில் ஒரு ஆள், கையில் ஒரு தாள் என்றால் அவள் வாயில் தானாக வருவது ஒரே கேள்விதான்.

"உங்க பேர் சொல்லுங்க."

குடைக்காரி சொன்னாள். தாளில் இருந்த பெயர் அதுவல்ல.

"நீங்க அஞ்சாம் நம்பர்தானே?"

"நாலு. நீங்கதானே மாத்திக்கச் சொன்னீங்க?"

வெடுக்கென்று சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா? ஒரு நிமிஷத்துக்கு முன்னால் என்றால் ஊசியக்கா அதைத் தெளிவு என்று சொல்லியிருப்பாள். இப்போது வெடுக்கென்று கேட்டது. குரல் என்னவோ அதே குரல்தான்.

கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நடந்ததைச் சொன்னாள். மாற்றி அனுப்பியது தான்தான் என்பதையும் சொன்னாள். மேனேஜர் இரண்டு விண்ணப்பங்களையும் பார்த்தார். பிறகு, அதில் பதில் இருப்பதுபோல மேற்கூரையைப் பார்த்தார்.

"அப்ப முகத்துல அடிக்கிற மாதிரி பேசுறவங்களுக்குத்தான் நான் தண்ணி குடுத்தேனா" என்றார் டாக்டரம்மா. பிறகு அவரே சிரித்தார். "காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளுன்னு சொல்லுவாங்க. காமாலைக்கு டெஸ்ட் எடுக்கிற இடத்துலயே இப்படியா?"

மேனேஜருக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது யாரை எடுப்பது என்றார். தேன் என்று சொல்லப்பட்டவளை எடுப்பதா, தேனாக இருந்தவளை எடுப்பதா?

"ரெண்டு பேரையும் திங்கட்கிழமை வரச் சொல்லுங்க" என்றாள் ஊசியக்கா. "ரப்பர் கை வேண்டாம், என் கையில எடுக்கட்டும். ஆளுக்கு ஒரு டியூப். அதுவரைக்கும் யாரும் யாருக்கும் ஃபோன் பண்ணக் கூடாது."

நீலச் சட்டைக்குத் தகவல் சொல்லும் வேலையையும் அவளே ஏற்றுக்கொண்டாள். தொலைபேசியில் பின்னால் ஒரு குழந்தை எதற்கோ அடம் பிடிப்பது கேட்டது. பள்ளி விடும் நேரத்துக்குப் போய் நிற்காவிட்டால் இது ரோட்டுக்கு வந்துவிடும் என்றாள் நீலச் சட்டை. மன்னிப்புக் கேட்டாள். திங்கட்கிழமை என்றதும் நம்பாமல் இரண்டாம் தடவை கேட்டாள்.

"நான் சரியாப் பேசலைன்னு தெரியும் மேடம். எப்பவும் இப்படி இல்ல. உள்ள வந்ததும் யாருமே சிரிக்கல. நான் என்ன தப்புப் பண்ணிட்டேன்னு யோசிச்சிட்டே இருந்தேனா, வார்த்தை வரல."

தொலைபேசியை வைத்த பிறகும் ஊசியக்கா அங்கேயே நின்றாள். யாருமே சிரிக்கல. சுவரில் அவளுடைய இரண்டு வரிகள் கொட்டை எழுத்தில் இருந்தன. எடுத்த பிறகே ஒட்டு.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. போன மழைக்காலத்தில் தனக்குக் காய்ச்சல் வந்தது நினைவுக்கு வந்தது. மருமகள் ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணி மாற்றினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கடமைக்குச் செய்கிறாள் என்று ஊசியக்கா நினைத்தாள். மறுநாள் நாத்தனாரிடம் அப்படியே சொல்லவும் செய்தாள். காய்ச்சலில் தூங்குகிற ஒருத்தியிடம் அந்தப் பெண் என்ன பேசியிருக்க வேண்டும்? செய்தியா வாசிக்க முடியும்?

வீட்டில் வானொலி இன்னும் வரவில்லை. மருமகள் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நாளைக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் தொங்கியது. அதன் காலரில் ஒரு சுருக்கமும் இல்லை. மூன்று தடவையாவது தேய்த்திருப்பாள்.

ஊசியக்கா கைப்பையைக் கூட வைக்கவில்லை.

"ஏம்மா, அன்னிக்கு ஏன் வேண்டாம்னு சொன்னே?"

கத்தி நின்றது. மருமகள் திரும்பினாள். கண்ணில் வெங்காயத்தின் நீர் இருந்தது. "என்ன அத்தை?"

"என் ஃப்ரெண்டுகிட்ட ஒரு வார்த்தை சொல்றேன்னேன். வேண்டாம்னே. ஏன்னு நான் கேக்கவே இல்ல."

மருமகள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முன்பு என்றால் அந்த நேரத்துக்குள் ஊசியக்கா ஒரு முடிவுக்கு வந்திருப்பாள். இன்று காத்திருந்தாள்.

"முதல் வேலையில எங்க தாய்மாமா சொல்லித்தான் சேர்த்தாங்க. பொண்ணு ரொம்ப சாதுன்னு சொல்லி வச்சிட்டாரு. அப்புறம் அங்க நான் என்ன செஞ்சாலும் சாதுதான். லீவு கேட்டா, பாவம் சாது கேக்குது. சம்பளம் கூட்டிக் கேட்டா, ஐயோ சாதுவை யாரோ தூண்டி விட்டுட்டாங்க. ஒருநாள் கோவம் வந்து ஃபைலைத் தூக்கிப் போட்டேன் அத்தை. சாதுவுக்குக் கை வழுக்கிடுச்சுன்னு பொறுக்கிக் குடுத்தாங்க."

ஊசியக்காவுக்குச் சிரிப்பு வெடித்தது. அடக்க நாற்காலியைப் பிடித்தாள். இஸ்திரி போட்ட சட்டை சரிந்தது. இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்து பிடித்தார்கள்.

"வெங்காயக் கை" என்று ஊசியக்கா பதறினாள்.

"உங்க கை பஸ் கம்பி பிடிச்ச கை" என்றாள் மருமகள்.

இவள் வேடிக்கையாகப் பேசுகிறாள் என்று ஊசியக்காவுக்குத் தோன்றியது. பிறகு, இவள் எப்போதும் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தாளோ என்று தோன்றியது. இந்த வீட்டில் இவள் சொன்ன எத்தனை வேடிக்கைகள் அழுத்தம் என்ற கணக்கில் போய்ச் சேர்ந்தனவோ.

ஊசியக்கா மேஜையில் உட்கார்ந்து, நீலச் சட்டை, குடைக்காரி, டோக்கன், தண்ணீர் என்று நடந்ததையெல்லாம் சொன்னாள். தன் தவறையும் விடவில்லை. மருமகள் வெங்காயத்தை மறந்துவிட்டுக் கேட்டாள்.

"எங்க வேலையிலயும் இது உண்டு" என்றாள் கடைசியில். "சில பேர் எழுத்துப் பலகையை மனப்பாடம் பண்ணிட்டு வந்துருவாங்க. கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிப்பாங்க. கண்ணு படிக்காது, ஞாபகம்தான் படிக்கும்."

"அப்ப என்ன பண்ணுவே?"

"பலகையை மாத்திருவேன்."

ஊசியக்கா மதிய டப்பாவைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். "உப்பு சரியாத்தான் இருந்துச்சு" என்றாள். அவள் சாதாரணமாகப் பாராட்டுகிறவள் அல்ல. மருமகள் டப்பாவை எடுத்துக்கொண்டு சட்டென்று குழாய்ப் பக்கம் திரும்பினாள். கழுவ வேண்டியதற்கும் மேல் நெடுநேரம் கழுவினாள்.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. கண் மருத்துவமனைத் தோழி. ஊசியக்கா ஒலிபெருக்கியை அழுத்தி மேஜை நடுவில் வைத்தாள். இனி ஒளித்துப் பேச ஒன்றும் இல்லை என்பதுபோல.

"என்ன ஊசி, உன் மருமக நாளைக்கு என்கிட்டத்தான் வர்றாளாமே. எப்படிப் பொண்ணு? சொல்லு."

மருமகள் குழாயை மூடினாள். ஈரக் கையோடு அப்படியே நின்றாள்.

ஊசியக்காவுக்கு நாக்கு நுனியில் பத்து வார்த்தைகள் வந்தன. எல்லாம் நல்ல வார்த்தைகள். தங்கம், பொறுப்பு, கெட்டிக்காரி. ஒவ்வொன்றும் பசையோடு வந்தது.

"நாளைக்கு வருவா. பேரைக் கேளு, அவளே சொல்லுவா. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்றதா இல்ல."

மருமகளின் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. ஊசியக்கா அதைப் பார்த்தாள். தான் போட்ட ஊசிகளிலேயே வலிக்காத ஊசி இதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுமுனையில் தோழி கலகலவென்று சிரித்தாள். "நீ சொல்லாட்டி என்னடி? உன் பிள்ளை மத்தியானமே ஃபோன் பண்ணிட்டானே. முழுசா அரை மணி நேரம்."

"யாரு?"

"உன் வானொலிதான். பொண்டாட்டியைப் பத்தி அவன் சொன்னதைக் கேட்டதுலேருந்து, நாளைக்கு அவளை எப்படா பார்ப்போம்னு இருக்கு. எங்க டாக்டருங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னான்?" என்றாள் ஊசியக்கா.

"அதை அவன்கிட்டயே கேளு. நான் சொன்னா நல்லா இருக்காது" என்று சொல்லித் தோழி வைத்துவிட்டாள்.

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம். வானொலி சீட்டியடித்துக்கொண்டே படியேறினான். நல்ல காரியம் செய்துவிட்டு வருகிறவன் அடிக்கும் சீட்டி.

ஊசியக்கா மருமகளின் முகத்தைப் பார்த்தாள். அதில் இருப்பது கோபமா, அழுகையா, அடக்கிய சிரிப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று வருஷத்தில் அவளுக்குத் தெரியாமல் போனது இதுதான் முதல் தடவை.

மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனாள்.